பெயர்ப்பலகை இல்லாத வீடு

1987ஆம் ஆண்டின் ஒரு பின்னேரம். கண்டி கட்டுக்கலையில், பேராதனை வீதியிலிருந்து மேலே ஏறும் ஓர் ஒழுங்கையில், நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸுக்குப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். நாட்டு நிலைமை காரணமாக வீடு வீடாகச் சென்று குடியிருப்போரின் விபரங்களைப் பதிந்துகொண்டிருந்த காலம் அது. விறாந்தைக் கதிரையில் அமர்ந்து, மடித்து வைத்திருந்த படிவத்தை விரித்தார். பிரதான குடியிருப்பாளர் யார் என்று கேட்டார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வயதில் மூத்தவள் என்பதால் என் பெயரைச் சொன்னோம். எழுதிக்கொண்டார்.

அடுத்த நிரல் உறவுமுறை.

“இந்த மிஸ் உங்களுக்கு என்ன முறை?” என்று யாழ்ப்பாணத்துத் தோழியைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார்.

“சினேகிதி.”

“அது விளங்குது. சொந்தம் என்ன?”

“சொந்தமில்லை. சேர்ந்து இருக்கிறோம்.”

மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்து கண்டியில் தாதியாக வேலை செய்த எங்கள் மற்றத் தோழியிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அதே பதில். பேனையைப் படிவத்துக்கு மேலே பிடித்தபடி சற்று நேரம் யோசித்தார். பின்னர் இருவருக்கும் நேரே அந்த நிரலில் ஒரு சிறு கோடு போட்டார். அவர் மரியாதையான மனிதர். தந்த தேநீரைக் குடித்தார். போகும்போது மட்டும், “ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையா?” என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அந்தச் சிறு கோடு எனக்கு நெடுங்காலம் நினைவில் நின்றது. மனைவி, மகள், தாய், மருமகள், வேலைக்காரி என்று ஒரு பெண்ணுக்கு ஒரு வீட்டில் இருப்பதற்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. சினேகிதி என்பது அவற்றில் ஒன்றல்ல. அரசாங்கத்தின் படிவத்திலும் அதற்கு இடமில்லை, ஊராரின் மனத்திலும் இடமில்லை. இடமில்லாத வெற்றிடத்தை ஊகங்கள் நிரப்புகின்றன. அந்த ஊகங்களின் வரலாற்றைக் கண்டி நகரை வைத்துச் சிறிது பார்க்கலாம் என்பதே என் நோக்கம்.

*

நான் ஆசிரியை. எழுபதுகளில் நியமனம் பெற்றவள். கலாநிதி பதியுதீன் மஹ்மூத் 1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் முஸ்லிம் பெண்கள் பலர் ஆசிரியைகளானார்கள் என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த நியமனக் கடிதத்தோடு கூடவே வந்த ஒரு பிரச்சினையை யாரும் எழுதவில்லை. பாடசாலை ஓரிடம், பிறந்த வீடு இன்னோரிடம். ஆண் ஆசிரியர் என்றால் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் தங்குவார். கலியாணம் முடிக்காத பெண் ஆசிரியை எங்கே தங்குவாள்? தூரத்துச் சொந்தத்தில் ஒரு வீடு தேட வேண்டும், அல்லது போடிங். இரண்டிலும் சில வருடங்கள் இருந்து களைத்த பிறகுதான், அதே நிலையிலிருந்த இருவரோடு சேர்ந்து அந்த அனெக்ஸை 1985இல் எடுத்தேன்.

எங்கள் வீட்டில் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. இறைச்சி வாங்குவது என் பொறுப்பு. வெள்ளிக்கிழமையில் யாழ்ப்பாணத்துத் தோழிக்காகவும், போயா தினத்தில் தாதித் தோழிக்காகவும் மரக்கறிச் சமையல். நோன்பு காலத்தில் இரவு வேலை முடிந்து வருகிறவள் சஹருக்கு என்னை எழுப்பிவிடுவாள். வாடகை, விறகு, மண்ணெண்ணெய், அரிசி எல்லாவற்றுக்கும் ஒரு சி.ஆர். கொப்பியில் கணக்கு இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட செய்தி வந்த இரவு யாழ்ப்பாணத்துத் தோழி சாப்பிடவில்லை. நாங்களும் அவளை வற்புறுத்தவில்லை.

வெளியே சொல்லப்பட்டவை வேறு. முதலாவது, நாங்கள் காத்திருக்கிறோம் என்பது. ஒரு நல்ல இடம் வந்தால் வீட்டைக் காலி பண்ணிவிடுவார்கள், அதுவரைக்கும் இது பஸ் தரிப்பிடம் மாதிரி. இரண்டாவது, எங்களில் ஏதோ குறை இருக்கிறது என்பது. வருத்தமா, ஜாதகமா, விவாகரத்தா என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை இருந்தது. மூன்றாவது, யாரோ வந்து போகிறார்கள் என்பது. மின்சாரம் திருத்த வந்தவரும் இந்தக் கணக்கில் சேர்ந்தார். நான்காவது ஒன்றும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கவனித்துப் பார்த்தால், இந்த ஊகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. அந்த வீட்டில் இருக்கும் மூன்று பேரை எவரும் பார்க்கவில்லை. இல்லாத ஓர் ஆணைத்தான் பார்த்தார்கள். அவன் இனி வரப்போகிறான், அல்லது விட்டுவிட்டுப் போய்விட்டான், அல்லது இரவில் ஒளித்து வருகிறான்.

*

தனிப் பெண்கள் சேர்ந்து வாழும் வீடு கண்டிக்குப் புதிதா? இல்லை. நூறு வருடத்துக்கு மேலாக இந்நகரத்தின் மலைச் சரிவுகளில் அப்படிப்பட்ட வீடுகள் இருந்திருக்கின்றன.

குளத்தைப் பார்த்தபடி நிற்கும் ஹில்வூட் பெண்கள் பாடசாலையின் தொடக்கம் 1890. கண்டிப் பிரதானிகளின் பெண் பிள்ளைகளுக்காக அதை ஆரம்பித்தவர்கள் மிஸ் பெலர்பி, மிஸ் ஜோன்ஸ் என்ற இரு ஆங்கிலப் பெண்மணிகள். இருவர் பெயருக்கும் முன்னால் நிற்கும் ‘மிஸ்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர்களை அனுப்பியது இங்கிலாந்துத் திருச்சபையின் சனானா மிஷன் சங்கம். 1880இல் தொடங்கப்பட்ட அச்சங்கத்தின் பெயரே நம்மவர்களின் அந்தப்புரத்தைக் குறிக்கும் பாரசீக, உருதுச் சொல்தான். ஆண் பாதிரிமார் நுழைய முடியாத பெண்களின் அறைகளுக்குள் பெண்கள் நுழையலாம் என்பது அதன் யோசனை.

இந்த மிஸ்மார் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு அவர்களுடைய நாட்டிலேயே ஒரு கதை உண்டு. 1851ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு, பிரித்தானியாவில் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் ஐந்து இலட்சம் அதிகம் என்று காட்டியது. உடனே பத்திரிகைகளில் ‘மிகையான பெண்கள்’ என்றொரு பேச்சு எழுந்தது. 1862இல் டபிள்யூ. ஆர். கிரெக் என்பவர் பெண்கள் ஏன் மிகையானார்கள் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். மணமாகாதவர்களைக் கப்பலேற்றி, ஆண்கள் மிகுந்த குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பலாம் என்பது அவர் கண்ட வழி. அதே ஆண்டில் பிரான்சஸ் பவர் கொப் என்ற பெண்மணி அதற்கு மறுப்பு எழுதினார். மணமாகாத பெண்ணின் வாழ்க்கை வெறும் காத்திருப்பு அல்ல என்பது அவர் வாதம். அவரே மேரி லொயிட் என்ற சிற்பியோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்.

தன் நாட்டில் மிகையாகக் கருதப்பட்ட ஒரு பெண், கண்டியில் வந்து இறங்கியதும் மதிப்புக்குரியவளானாள். அவள் இன்னொரு பெண்ணோடு ஒரே பங்களாவில் இருந்தாள். சாப்பாட்டு மேசை, வேலைக்காரர், பியானோ, தோட்டம் எல்லாம் இருவருக்கும் பொது. ரதலப் பிரபுக்கள் தம் பெண் பிள்ளைகளை அந்த வீட்டில் நம்பிக்கையோடு விட்டுச் சென்றார்கள். ஏனென்றால் அந்த வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது. பலகைக்குப் பின்னால் ஒரு திருச்சபையும், திருச்சபைக்குப் பின்னால் ஓர் அரசாங்கமும் இருந்தன.

*

இரண்டாவது வீடு எங்கள் கட்டுக்கலையிலேயே இருந்தது.

கெதரின் டி அல்விஸ் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கரையோரச் சிங்களக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வசதியான குடும்பம். அவர் மணம் முடிக்கவில்லை. பௌத்தத்தைத் தழுவி, பர்மாவுக்குச் சென்று, பத்துச் சீலங்களை ஏற்ற துறவியாகச் சுதர்மாசாரி என்ற பெயரோடு திரும்பி வந்தார். இலங்கையில் பிக்குணிச் சங்கம் ஏறத்தாழப் பதினோராம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயிருந்தது. ஆகவே அவருடைய நிலைக்கு இங்கே பெயரே இருக்கவில்லை. முழுத் துறவியுமல்ல, குடும்பப் பெண்ணுமல்ல. 1907இல் கட்டுக்கலையில் இப்படியான பெண்கள் சேர்ந்து வாழ ஓர் ஆசிரமம் திறக்கப்பட்டது. அப்போதைய தேசாதிபதி சேர் ஹென்றி பிளேக்கின் மனைவி அதற்கு ஆதரவளித்தார். அதனால் அது லேடி பிளேக் ஆராமய என்று அழைக்கப்பட்டது.

இங்கே யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு பௌத்தப் பெண், சிங்களப் பெண்களுக்காக, தலதா மாளிகையின் நகரத்தில் அமைத்த வீட்டுக்கு ஓர் ஆங்கிலச் சீமாட்டியின் பெயர் ஏன் தேவைப்பட்டது? நன்றிக்கடன் என்று சொல்லலாம். அது மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. பெண்கள் மட்டும் வாழும் வீட்டின் வாசலில் தேசாதிபதியின் மனைவி பெயர் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆயினும் ஊகம் ஓயவில்லை. சில் மாதாமாரைப் பற்றி ஆய்வு செய்த டெஸ்ஸா பார்த்தலோமியஸ், லொவெல் பிளொஸ் முதலானோர் எழுதியவற்றைப் படித்தால், பெண் ஒருத்தி துறவு பூண்டால் சமூகம் முதலில் நினைப்பது என்ன என்று தெரியவரும். காதலில் தோற்றவள், அல்லது கவனிக்க ஆளில்லாத கிழவி, அல்லது சோற்றுக்கு வழியில்லாதவள். ஆண் ஒருவர் துறவு பூண்டால் தேடல் என்பார்கள். பெண் துறந்தால் தோல்வி என்பார்கள். வசதியை விட்டுத் தானே விரும்பிப் புறப்பட்ட கெதரின் டி அல்விஸின் கதை கண்முன்னே இருந்தும் இந்த எண்ணம் மாறவில்லை. 1996இல் சாரநாத்திலும் 1998இல் தம்புள்ளையிலும் இலங்கைப் பெண்கள் மீண்டும் பிக்குணிகளானபோது எழுந்த எதிர்ப்பிலும் இந்தப் பழைய எண்ணத்தின் சாயல் இருந்தது.

*

மற்றவர்களைப் பற்றிப் பேசிவிட்டு நம் வீட்டைப் பற்றிப் பேசாமல் விடுவது நியாயமல்ல.

கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை, முஸ்லிம் பெண்கள் படிக்க வேண்டும் என்று 1880களிலேயே ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையில் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் 1890களின் தொடக்கத்தில் கண்டியிலேயே ஒரு பெண்கள் பாடசாலையை ஆரம்பித்தார். அதற்குத் தலைமை தாங்கியவர் அவருடைய சகோதரி. அறிவுள்ள ஒரு முஸ்லிம் பெண் தன் சகோதரனின் நிழலில் நின்றுதான் பாடசாலை நடத்த முடியும் என்றிருந்த காலம் அது. அந்த நிழலைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் பாடசாலையும் இல்லை.

என் சிறு பராயத்தில் எங்கள் ஊரில் ஓர் ‘ஓதுற வீடு’ இருந்தது. இரண்டு வயதான பெண்கள். ஒருவர் விதவை, மற்றவர் கணவனால் விடப்பட்டவர். இருவரும் சொந்தக்காரர்கள் அல்ல என்பது எனக்குப் பெரியவளான பின்தான் தெரியும். பிள்ளைகள் காலையில் போய் அலிஃப் பே படிப்போம். வெள்ளிக்கிழமை நாலைந்து சதமோ, ஒரு கொத்து அரிசியோ கொண்டுபோவோம். அவர்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசிக் கேட்டதில்லை. குர்ஆன் அந்த வீட்டின் பெயர்ப்பலகையாக இருந்தது.

இஸ்லாமிய வரலாற்றிலும் இதற்கு உதாரணங்கள் உண்டு. பஸராவின் ராபிஆ மணம் முடிக்காமலே வாழ்ந்தவர். அவருடைய இரவு வணக்கங்களைப் பற்றி இன்று நாம் அறிவதில் ஒரு பகுதி, அவரோடு இறுதிவரை இருந்து பணிவிடை செய்த அப்தா என்ற பெண் சொன்னதாக இப்னுல் ஜௌஸி பதிந்துவைத்தது. ஒரு வீட்டில் இரு பெண்கள் இருந்ததற்கு அதைவிடச் சிறந்த சாட்சியம் எங்கே கிடைக்கும்? 1285ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் மம்லூக் சுல்தான் பைபர்ஸின் மகள், ஸைனப் பின்த் அபில் பரகாத் என்ற ஷைகாவுக்காக ‘ரிபாத் அல்பக்தாதிய்யா’ என்ற இல்லத்தைக் கட்டினார். விவாகரத்தான பெண்களும் கைவிடப்பட்ட பெண்களும் அங்கே பாதுகாப்பாகத் தங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். மறுமணம் செய்யும்வரை அல்லது கணவனிடம் திரும்பும்வரை என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். பஸ் தரிப்பிடம் என்ற எண்ணம் அங்கேயும் இருந்திருக்கிறது.

நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் ஒரு கருத்து உண்டு. கடமையான ஹஜ்ஜுக்கு மஹ்ரம் இல்லாத பெண், நம்பகமான பெண்களின் துணையோடு போகலாம். நான் ஆலிமா அல்ல, ஃபத்வா சொல்ல வரவில்லை. ஆனால் கடல் கடந்து மக்கா வரை போவதற்கு ஒரு பெண்ணுக்கு நம்பகமான பெண்களின் துணை பாதுகாப்பு என்று நம் சட்ட அறிஞர்கள் கண்டிருக்க, கட்டுக்கலையில் ஓர் அனெக்ஸில் இருப்பதற்கு அதே துணை ஏன் சந்தேகத்துக்குரியதானது? பெண்களின் நட்பைப் பாதுகாப்பாகக் கருதிய ஒரு மரபை நாம் எந்த இடத்திலோ தொலைத்துவிட்டோம்.

*

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது கண்டிச் சூழலில் இன்னொரு வகை வீடு வந்தது. ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தை போன்ற மண்டபங்களில் நூற்றுக்கணக்கான இளம்பெண்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள். சிங்களப் பெண்ணும் யாழ்ப்பாணப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் ஒரே அறையில். வார்டன் இருந்தார், கையொப்பமிடும் புத்தகம் இருந்தது, இரவு திரும்பும் நேரம் இருந்தது. பெற்றோர் நிம்மதியாக இருந்தார்கள். அதே பெண்கள் பட்டம் பெற்று, சம்பாதித்து, அதே அறைத் தோழிகளோடு அதே பேராதனையில் ஒரு வீடு எடுத்தால் பெற்றோர் பதறினார்கள். இருபது வயதில் நம்பத் தகுந்தவள் முப்பது வயதில் நம்பத் தகாதவளாவது எப்படி? மாறியது அவளல்ல. பெயர்ப்பலகையும் வார்டனும்தான் இல்லாமற்போயின.

பெயர்ப்பலகை இல்லாமல் பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்து வாழத் தொடங்கியது 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்த பிறகு. கிராமங்களிலிருந்து வந்த தையற் பெண்கள் போடிங் அறைகளில் நாலைந்து பேராகத் தங்கினார்கள். தாங்கள் மிதித்த ஜப்பானிய இயந்திரத்தின் பெயரால் அவர்களை ‘ஜுக்கி’ என்றார்கள். அந்த ஊருக்கு ‘பெண்கள் நகரம்’, ‘காதல் வலயம்’ என்றெல்லாம் பெயர் வைத்தார்கள் என்று சந்யா ஹேவாமான்ன 2008இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்த கைகளுக்கு நாடு கொடுத்த பட்டம் இது.

1992இல் ஜனாதிபதி பிரேமதாச இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தை அறிமுகப்படுத்தினார். கிராமத்துக்கே தொழிற்சாலையைக் கொண்டுபோனால் பெண்கள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம், கெட்டுப்போக மாட்டார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. கெய்ட்ரின் லிஞ்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டியை அண்டிய கிராமத் தொழிற்சாலைகளில் தங்கி ஆராய்ந்து 2007இல் ஒரு நூல் எழுதினார். அப்பெண்கள் தாங்கள் கொழும்புப் பக்கத்து ஜுக்கிப் பெண்கள் அல்லர், நல்ல பிள்ளைகள் என்று காட்டுவதற்கு நாளாந்தம் பட்ட பாட்டை அதில் காணலாம். ஊகத்தின் மிகப் பெரிய வெற்றி அதுதான். ஊகத்துக்கு ஆளானவர்களே அதை ஏற்றுக்கொண்டு, தங்களை விட்டுவிட்டு மற்றவர்கள் மேல் சுமத்துகிறார்கள். பல்லேகலைக்கு வேலைக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகள் எங்கள் ஒழுங்கையில் அறை தேடி வந்தபோது, நாங்கள் மூவரும் வீட்டுக்காரியிடம், “அவங்க வேற மாதிரி, சத்தம் கூட” என்று சொன்னோம். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

*

நான்காவது ஊகத்துக்கு வருகிறேன். சேர்ந்து வாழும் பெண்களிடையே இருப்பது வெறும் நட்புத்தானா என்ற கேள்வி அது. எங்கள் காலத்தில் யாரும் அதை முகத்துக்கு நேரே கேட்கவில்லை. ஒருமுறை ஒரு சகாசிரியர் சிரித்துக்கொண்டே, “அப்ப அந்த வீட்டில யார் ஆம்பிளை?” என்று கேட்டார்.

இந்தப் பகிடியும் பழையது. அயர்லாந்திலிருந்து புறப்பட்டு வந்த எலெனர் பட்லர், சாரா பொன்சன்பி என்ற இரு பெண்கள் 1780 முதல் வேல்ஸ் நாட்டின் லங்கொலென் என்ற ஊரில் ஏறத்தாழ ஐம்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். 1790இல் ஒரு லண்டன் பத்திரிகை அவர்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியது. ஒருவரை உயரமான, ஆண் தோற்றமுள்ளவர் என்றும் மற்றவரை மென்மையானவர் என்றும் சித்திரித்தது. மனம் நொந்த அவர்கள், வழக்குப் போடலாமா என்று எட்மண்ட் பர்க்கிடம் ஆலோசனை கேட்டார்கள். இரண்டு பெண்களைக் கண்டால் ஒருத்தியை ஆணாக்கிப் பார்த்தால்தான் உலகத்துக்கு வீடு என்ற ஒன்று விளங்குகிறது.

நம் நாட்டில் ஊகம் சட்டமாகவும் ஆனது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முதலில் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தில் ‘ஆண்’ என்ற சொல் நீங்கி ‘ஆள்’ என்று வந்தது. நூறு வருடத்துக்கு மேலாகச் சட்டத்தின் கண்ணில் படாதிருந்த பெண்களும் அதற்குள் வந்தார்கள். 2023இல் அப்பிரிவை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. இது பற்றி வாசகர்களிடையே வேறுபட்ட கருத்துகள் இருக்கும். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். எங்கள் மூவரிடையே இருந்தது நட்பு. ஆனால் அதை நிரூபிக்கும் கடமை எங்களுக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. கண்ணால் காணாததைப் பேசாதிருப்பதும், பிறர் குறையைத் துருவாதிருப்பதும் நம் மார்க்கம் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்ன ஒழுக்கம்.

*

எங்கள் வீடு 1993இல் முடிந்தது. என் கடைசித் தங்கைக்குப் பேசிவந்த ஓர் இடம் ஏறத்தாழச் சரியாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இறுதியில் கேட்டது சீதனத்தைப் பற்றி அல்ல. “மூத்த தாத்தா யாரோட இருக்கிறா?” என்று கேட்டார்கள். நானா கண்டிக்கு வந்து, விறாந்தையில் அதே கதிரையில் உட்கார்ந்து, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். அவர் திட்டவில்லை. அந்த மாத முடிவில் நான் ஊருக்குப் போய்விட்டேன். தினமும் பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் போக, ஒன்றரை மணித்தியாலம் வர. யாழ்ப்பாணத்துத் தோழி பிறகு கனடா போனாள். தாதித் தோழி ஓய்வுபெறும்வரை கண்டியில் தனியாக இருந்தாள். கணக்குக் கொப்பி அவளிடம்தான் இருந்தது. ஒருவருக்கொருவர் சதக் கணக்கில்கூடக் கடன் இல்லாமல் பிரிந்தோம் என்று அவள் சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை.

தங்கைக்கு அந்த இடம் அமைந்தது. நன்றாகவும் இருக்கிறாள். அவளுடைய மகள் பேராதனையில் படித்து, அங்கேயே தொழில் கிடைத்து, மூன்று சினேகிதிகளோடு ஒரு வீடு எடுத்திருப்பதாகப் போன வருடம் சொன்னாள். நான் முதலில் கேட்ட கேள்வி: “வீட்டில பெரியவங்க ஒருத்தரும் இல்லையா?”

“ஏன் பெரியம்மா, நாங்க எல்லாரும் பெரியவங்கதானே” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. ஊகம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை எழுதக்கூடிய அளவுக்கு அறிந்தவளின் வாயிலும் அதுதான் முதலில் வந்தது. அடுத்த ஞாயிறு அவளுடைய வீட்டுக்குப் போனேன். குசினியில் யார் யாருக்கு எந்த நாள் சமையல் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. கணக்கு இப்போது கொப்பியில் இல்லையாம், கைத்தொலைபேசியில் இருக்கிறதாம்.

அக்குறணையிலும் கம்பளையிலும் மாவனல்லையிலும் இத்தகைய வீடுகள் இருந்திருக்கும். ஓதிக்கொடுத்த இரு கிழவிகள், ஒரு குவார்ட்டர்ஸைப் பகிர்ந்த ஆசிரியைகள், ஒரே தையல் இயந்திரத்தில் பிழைத்த விதவைகள். அவர்களுடைய கடிதங்களும் கணக்குக் கொப்பிகளும் படங்களும் எவருடைய அலுமாரியிலாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். உறவுமுறை என்ற நிரலில் கோடு போட்டுவிட்டுப் போன இடங்களில் என்ன இருந்தது என்பதை நாமாவது எழுதிவைக்க வேண்டும்.